முழங்காலுக்குக் கீழே

சூசைக்கொட்டாயில் செத்துப்போவது போன ஆடி மாதம் வரைக்கும் சுலபமான காரியமாகத்தான் இருந்தது. கோயில் மணி அடிக்கும், பெட்டி வரும், உபதேசியார் ராயப்பன் சிலுவையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். மாந்தோப்புக்கு நடுவே போகும் வண்டித்தடத்தில் பத்து நிமிஷம் நடந்தால் கல்லறைத் தோட்டம் வந்துவிடும். நல்லம்பள்ளிப் பக்கத்துச் சின்ன ஊர் அது. எண்பது வீடு, எண்பதும் கிறிஸ்தவ வீடு. நாலு தலைமுறை அந்தத் தடத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

ஆடியில் தோப்பு கைமாறியது. வாங்கியவர்கள் சுற்றிலும் பத்தடிக்குச் சுவர் எழுப்பி, தடத்தின் இரண்டு வாயையும் மறித்தார்கள். ஊர்ப்பக்கம் இரும்புக் கேட், கல்லறைப்பக்கம் உள்தாழ்ப்பாள் போட்ட சின்னக் கதவு. அடுத்த வாரமே செல்லம்மாள் செத்துப்போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. நாலு வழிச் சாலையைக் கடக்க முடியாமல் இருபத்தைந்து நிமிஷம் பெட்டியோடு ரோட்டோரத்தில் நின்றார்கள். ராயப்பன் சிலுவையை உயர்த்திக் காட்டினார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். செல்லம்மாள் உயிரோடு இருந்தபோது அவளை அவ்வளவு நேரம் நிற்க வைக்க யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. அன்றைக்கு ராயப்பனுக்கு வந்த கோபம் வீட்டுக்கு வந்து குளித்தும் அடங்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகத் தங்கள் செத்தவர்களைப் பார்க்கப் போகும் நாள். நடக்க முடியாதவர்களும் அன்றைக்கு நடப்பார்கள். அதற்குள் கேட் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கிழடு கட்டைகளை எல்லாம் லாரிக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், திரும்பி வரும்போது எண்ணிக்கை குறையும்.

எனவே ராயப்பன் ஒரு மனு எழுதிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். மூன்று நாள் நின்றார். அந்த மூன்று நாளில் கேட்டின் சங்கதி அவருக்கு ஓரளவு பிடிபட்டது. கார் வரும், ஆள் இறங்குவார், கேட்டை மூன்று தரம் தட்டி, மூச்சு விட்டு, மறுபடி இரண்டு தரம் தட்டுவார். பிறகு கேட்டில் இருக்கும் ஓட்டையில் வாயை வைத்து ஏதோ முணுமுணுப்பார். காவல்காரர் முனியப்பன் கேட்டைத் திறந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். அந்த ஆள் உள்ளே போனதும் மறுபடி சாத்திவிடுவார்.

முனியப்பன் பென்னாகரத்துக்காரர். சொன்னதைச் சொன்னபடி செய்பவர்.

"என்னாங்க முனியப்பன், யாருங்க இவங்கல்லாம்?"

"தெரியாதுங்க. யாரு, எந்த ஊருன்னு கேக்கக் கூடாதுன்னு உத்தரவு. தட்டி வார்த்தையச் சொன்னா தொறந்து சல்யூட் அடிக்கணும். சொல்லலைன்னா எம் பொண்டாட்டியே வந்தாலும் தொறக்கக் கூடாது. ஒருத்தரு உள்ள போயி சாத்தினாத்தான் அடுத்தவரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மூன்றாம் நாள் மாலை ஒருவர் ராயப்பனைக் காருக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் பெயர் மாதவராஜ். ஒரு காலத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது 'நித்திய தீப ரகசிய சகோதர மண்டல'த்தின் மகா செயலாளர். கையில் ராயப்பனின் மனு இருந்தது. அதைக் காய்ச்சல்காரன் கர்சீப்பைப் பிடிப்பதுபோல விரல் நுனியில் பிடித்திருந்தார்.

"இங்க ஒரு மண்டலம் இருக்குதுன்னே நாங்க ஒத்துக்கறதில்லைங்க" என்றார் மாதவராஜ். "இல்லாத மண்டலத்துக்கு மனு எழுதுன மொத ஆள் நீங்கதான்."

"அப்ப இந்தச் சுவருங்க சார்?"

"சுவர் இருக்கு. அதுக்குள்ளதான் ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லாத எடத்துல நாங்க பெட்டி தூக்கிட்டுப் போனா என்னாங்க?"

"எங்க சடங்கை நீங்க பார்த்துடுவீங்க" என்றார் மாதவராஜ். கொஞ்சம் யோசித்துவிட்டு, நியாயம் தவறாதவராகச் சேர்த்துக்கொண்டார். "பெட்டிக்குள்ள இருக்கறவங்களப் பத்தி எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அவங்க ரகசியத்தைக் காப்பாத்துவாங்க. தூக்கிட்டு வர்றவங்கதான் பிரச்சனை."

ஆனால் ஒரு வழி இருக்கிறது என்றார். மண்டலத்தில் ஒரு சகோதரன் கேட்பதை இன்னொரு சகோதரன் மறுக்கக் கூடாது. ராயப்பன் சகோதரனாகிவிட்டால் போதும். மண்டலத்தில் மொத்தம் இருபத்தோரு படிகள். முதல் படி 'கதவு தேடுபவர்'. இரண்டாவது 'கதவு கண்டவர்'. மூன்றாவது 'கதவருகே நின்றவர்'. ஏழாம் படி வரைக்கும் ஒருவரும் கதவைத் தாண்டவே மாட்டார். பதினொன்றில் 'பாதி ஒளி', பன்னிரண்டில் 'முக்கால் ஒளி'. மாதவராஜ் பத்தொன்பது. இருபத்தொன்றாம் படியில் உட்கார்ந்திருப்பவர் 'மகா பீடாதிபதி' சிவக்குமார். இரண்டு காலேஜ் வைத்திருக்கிறவர்.

"என்னையெதுக்குங்க சார் சேக்கறீங்க? நான் ராகி போடறவன், கோயில்ல ஜெபம் சொல்றவன்."

மாதவராஜ் குரலைத் தாழ்த்தினார். மண்டலத்துக்கு ஒரு சங்கடம் வந்திருந்தது. நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். வருஷா வருஷம் எல்லாருக்கும் படி உயர்த்தியதில் இப்போது எட்டாம் படிக்குக் கீழே ஒருவரும் இல்லை. கீழ்ப்படிக்காரர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது விதி. மேலே இருப்பவர்களுக்கு வணக்கம் குறைந்துவிட்டது, மனக்கசப்பு வந்துவிட்டது. "கீழ ஒருத்தராவது இருந்தாத்தானுங்க மேலங்கறதுக்கு ஒரு அர்த்தம்" என்றார் மாதவராஜ். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து ராயப்பன் மனைவியிடம் சொன்னார். யுவராணி வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள நடக்கறதை வூட்ல சொல்லக் கூடாதாம்."

"சொல்லாட்டிப் போங்க. எனக்குச் சொல்லாம நீங்க செஞ்ச காரியம் இதுவரைக்கும் ஒண்ணாவது உருப்பட்டிருக்குதா?"

பங்குச்சாமியாரிடமும் கேட்டார். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருச்சபை இந்த மாதிரி ரகசியச் சங்கத்துல சேர உத்தரவு குடுக்கறதில்லை, உபதேசியாரே. கடவுளைத் தவிர இன்னொருத்தர் கையில மனச்சாட்சிய அடகு வெக்கக் கூடாது."

"சத்தியம் பண்றதுக்கு முந்தி வந்துடறேன் சாமி. கேட்டுக்கு உள்ள போயி நேருக்கு நேரா கேட்டுப் பாக்கறேன். அங்க பெரியவருன்னு ஒருத்தர் இருக்காராம்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், ராயப்பனுக்குள் ஒரு சின்ன ஆசையும் இருந்தது. திருவிழாக் கமிட்டியில் இருபத்து மூன்று வருஷமாக அவரை யாரும் எந்தப் பதவிக்கும் சொன்னதில்லை. கமிட்டியில் ஒரு தலைவரும் ஆறு துணைத் தலைவர்களும் இருந்தார்கள். எங்காவது முதல் படி என்றாலும் படி படிதானே என்று அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அக்டோபர் முதல் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். கேட்டில் சொல்ல வேண்டிய வார்த்தையை மாதவராஜ் முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். ராயப்பன் மூன்று தட்டினார், மூச்சு விட்டார், இரண்டு தட்டினார். ஓட்டையில் வாயை வைத்து, "வெளிச்சம் உள்ளே இருக்கிறது" என்றார். முனியப்பன் கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தார். மூன்று நாள் ஒன்றாக உட்கார்ந்து பீடி பிடித்த பழக்கம் அவர் முகத்தில் ஒரு துளியும் தெரியவில்லை.

தோப்பு நடுவில் ஜன்னல் இல்லாத ஒரு மண்டபம். வாசலில் ராயப்பனின் கண்ணைக் கட்டினார்கள். வலது செருப்பைக் கழற்றினார்கள், இடதை விட்டுவிட்டார்கள். இடுப்பில் சொருகிக்கொள்ள வெள்ளைத் துணி ஒன்று கொடுத்தார்கள். பிறகு விதிகளை ஒருவர் உரக்கப் படித்தார். எட்டாம் படிக்காரரைப் பார்த்தால் இரண்டடி பின்வாங்க வேண்டும். பன்னிரண்டாம் படிக்காரர் தும்மினால் கேட்காததுபோல் இருக்க வேண்டும். மகா பீடாதிபதியின் முழங்காலுக்குக் கீழே எந்தச் சகோதரனும் பார்க்கக் கூடாது. இதை மட்டும் மூன்று தரம் படித்தார்கள்.

உள்ளே சாம்பிராணிப் புகை மூச்சை அடைத்தது. கோயில் சாம்பிராணிக்குப் பழகிய ராயப்பனுக்கே இருமல் வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. அது என்னவென்று அவர் யோசிப்பதற்குள் கண்கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

இனி நடந்ததற்கு ராயப்பனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கட்டு அவிழ்ந்ததும் அவர் கண்ணில் பட்டது இதுதான். உயரமான நாற்காலியில் பட்டு அங்கி போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் முக்காலியில் பித்தளைத் தாம்பாளம், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். ராயப்பன் இடுப்பில் வெள்ளைத் துணி. புது ஆள் அந்தத் தண்ணீரில் விரல் நுனியை நனைத்து நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மண்டலத்தின் சடங்கு. ஆனால் ராயப்பன் இருபத்து மூன்று பெரிய வியாழக்கிழமைகளில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோலப் பன்னிரண்டு பேர் பாதத்தைச் சாமியார் கழுவக் கழுவத் தாம்பாளம் பிடித்தவர். போன வருஷம் சாமியாருக்கு முட்டி வலி என்று, பாதி ஆட்களுக்கு இவரே கழுவியும் விட்டார். நாற்காலி, தாம்பாளம், செம்பு, இடுப்புத்துணி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். அது அவரைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை.

சட்டென்று மண்டியிட்டார். தாம்பாளத்தைக் கீழே இறக்கினார். மகா பீடாதிபதியின் அங்கியை முழங்கால் வரை மடக்கிவிட்டு, வலது காலைப் பிடித்துச் செருப்பைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்து, செம்பைச் சாய்த்தார்.

நாற்பத்தைந்து சகோதரர்களும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

ராயப்பன் கீழே பார்த்தார். பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். எட்டணாக் காசு அளவுக்குக் கறுத்து, ஓரம் வெளுத்து, குழி விழுந்திருந்தது. புகைக்கு அடியில் இருந்த வாடை என்னவென்று இப்போது அவருக்குத் தெரிந்தது.

"சார்" என்றார், "இது சர்க்கரைப் புண்ணுங்க. எங்க சின்னய்யாவுக்கு இப்பிடித்தான் வந்துச்சு, முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வலி இல்லீங்களா?"

"இல்லையே" என்றார் சிவக்குமார். மண்டலத்தில் எட்டு வருஷத்தில் முதன்முறையாக யாரோ தன்னைக் கேள்வி கேட்டதால் அவருக்குப் பதில் சொல்லத்தான் தெரிந்தது. குனிந்து பார்க்க முயன்றார், தொப்பை விடவில்லை. நிமிர்ந்து சபையைப் பார்த்தார். "நாறுதா?"

கடைசியில் இருபதாம் படிக்காரர் கூரையைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினார்.

"மூன்று மாதமாக, மகா பீடாதிபதி அவர்களே. அதனால்தான் ஆவணியிலிருந்து சாம்பிராணியை இரண்டு மடங்கு ஆக்கினோம். தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம்."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"பார்க்காத ஒன்றை எப்படிச் சொல்வது? விதி இருக்கிறதே. நம் மண்டலத்தின் பெருமையே நாற்பத்தைந்து பேரும் ஒரு ரகசியத்தை ஒருவருக்கொருவர்கூடச் சொல்லாமல் மூன்று மாதம் காப்பாற்றியதுதான்" என்றார் அவர். அதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

இதற்குள் மாதவராஜ் பதறி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முதல் படிகூட ஏறாதவன் முழங்காலுக்குக் கீழே பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அதில் இல்லை. எனவே அந்த இடத்திலேயே மண்டலத்தின் கமிட்டி கூடி முடிவெடுத்தது. ராயப்பனை நேராக எட்டாம் படிக்கு உயர்த்துவது. அதற்கு முன்னால், கண்டதை யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொள்வது.

மாதவராஜ் சத்தியத்தைப் படித்துக் காட்டினார். "இங்கே கண்டதை மனைவியிடமோ மகனிடமோ மருத்துவரிடமோ குருக்களிடமோ சொல்லேன். சொன்னால் என் நாக்கு வேரோடு பிடுங்கப்படுவதாக."

"யாருங்க சார் பிடுங்குவாங்க?" என்று ராயப்பன் கேட்டார். கேலிக்கு அல்ல, தெரிந்துகொள்ளத்தான்.

"சகோதரர்களில் ஒரு டாக்டர் இருக்கிறார். கண் டாக்டர். இதுவரை தேவைப்படவில்லை." மாதவராஜ் கிட்டே வந்து காதில் சொன்னார். "சத்தியம் பண்ணிட்டு எந்திரிங்க. நாளைக்கே கேட்டைத் தொறந்து விட்டுடறோம். நவம்பர் ரெண்டுக்கு நீங்க ஜாம்ஜாம்னு போலாம். எட்டாம் படி வேற."

ராயப்பன் தாம்பாளத்தைப் பார்த்தார். தண்ணீர் சிவந்திருந்தது. கேட், செல்லம்மாள் பெட்டி, லாரி ஹாரன், நடக்க முடியாத கிழடுகள் எல்லாம் அவர் கண்முன் வந்தன. ஒரு வார்த்தை போதும். ஊரே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடும், கமிட்டித் தலைவர்கூட எழுந்து நிற்பார்.

அவர் அந்த வெள்ளைத் துணியை இடுப்பிலிருந்து உருவி, சிவக்குமாரின் காலை மெல்ல ஒற்றித் துடைத்தார். பிறகு எழுந்தார்.

"ஒரு மனுசனுக்குக் கால் அழுகுது. அதை மூடி வெக்கறதுக்கா சத்தியம்? எங்க ஆண்டவரு சத்தியமே பண்ணாதேன்னுதான் சொல்லியிருக்காரு. அவரு ஒளிச்சும் எதையும் பேசல, ஊரு நடுவுலதான் பேசுனாரு. கால் கழுவுனவருதான் எங்களுக்குப் பெரியவரு. அதுக்கு மேல எங்ககிட்டப் படி இல்லீங்க. கேட்டைப் பூட்டியே வெச்சுக்குங்க. ஆனா இந்த ஆளை இன்னிக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா நான் ரோட்டுல நின்னு கத்துவேன்."

ஒற்றைச் செருப்போடு வெளியே நடந்தார். இன்னொரு செருப்பு எட்டாம் படிக்காரர் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. அவர் ரசீது கேட்டார், ராயப்பன் நிற்கவில்லை.

சிவக்குமாரை அன்று மாலையே சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல் போயிற்று, கால் தப்பியது. பத்து நாள் தாமதித்திருந்தால் காலே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நவம்பர் முடியும்வரை படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்றும், ஆட்கள் யாரும் வந்து பார்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். சூசைக்கொட்டாய்க்கு ஒரு நன்றிகூட வரவில்லை, கேட்டும் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் ராயப்பன் கல்யாண ஓலை வாசித்தார். யார் யாரைக் கட்டப்போகிறார்கள் என்பதைக் கோயிலில் மூன்று ஞாயிறு உரக்க வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்பது வழக்கம். ரகசியமாக ஒரு கல்யாணம்கூட அந்த ஊரில் நடக்க முடியாது. அன்றைக்கு ஓலையை வாசித்து முடித்து, மைக்கை விடாமல், "இன்னொண்ணுங்க" என்றார் ராயப்பன்.

"மாந்தோப்புக் கேட்டுல மூணு தரம் தட்டணும். மூச்சு விட்டு ரெண்டு தரம் தட்டணும். 'வெளிச்சம் உள்ளே இருக்கிறது'ன்னு சொல்லணும். காவக்காரரு தொறந்துடுவாரு. இதை எனக்குச் சொன்னாங்க, நான் சத்தியம் பண்ணலை. தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்."

யாருக்கும் தடை தெரியவில்லை. சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நிறுத்தச் சொல்லவில்லை. வழக்கப்படி மூன்று ஞாயிறும் வாசித்தார். ஊரில் எல்லா வீட்டுக் கதவும் மூன்றும் இரண்டுமாகத் தட்டுப்பட்டன.

விஷயம் மண்டலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வார்த்தையை மாற்றலாம் என்றார்கள். ஆனால் வார்த்தையையோ காவல்காரருக்குக் கொடுத்த உத்தரவையோ மாற்ற மகா பீடாதிபதி நாற்காலியில் உட்கார்ந்து வாய் திறக்க வேண்டும். அவர் சேலத்தில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். இருபதாம் படிக்காரர் உட்காரலாமே என்றார் ஒருவர். பத்தொன்பதுகள் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் அதை எதிர்த்தார்கள்.

நவம்பர் இரண்டு, பிற்பகல். சூசைக்கொட்டாய் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றது. முதலில் சாமியார் தீர்த்தச் செம்போடு நின்றார். தட்டினார், சொன்னார். கேட் திறந்தது, முனியப்பன் சல்யூட் அடித்தார், சாத்தினார். அடுத்து யுவராணி, செல்லம்மாளின் போட்டோவை அணைத்துக்கொண்டு. தட்டல், வார்த்தை, சல்யூட். பெண்கள் கூடாது என்று உத்தரவில் இல்லை, பெண்கள் வருவார்கள் என்று மண்டலத்தில் யாருக்கும் தோன்றியதே இல்லை. இரண்டு கையிலும் தடி ஊன்றி வந்த குள்ளம்மாள் தடியாலேயே ஐந்து தட்டும் தட்டினாள். முனியப்பன் அவளுக்கு அடித்த சல்யூட்டில் அவள் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள். முந்நூறு பேர், முந்நூறு சல்யூட். முனியப்பனின் கை ஒரு தடவைகூடத் தாழவில்லை.

பாதி வரிசை உள்ளே போனபோது மாதவராஜின் கார் வந்து நின்றது. இறங்கி ஓடிவந்து கேட்டைத் தட்டினார். மூன்று, மூச்சு, இரண்டு.

"வார்த்தையச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாதவராஜ் வாயைத் திறந்தார். திரும்பிப் பார்த்தார். பின்னால் நூற்றைம்பது பேர், பூவோடு. சேர வருபவரைத் தவிர வேறு வெளியார் காதில் விழ வார்த்தையைச் சொன்னால் நாக்கு போகும் என்று பத்தொன்பது தரம் சத்தியம் செய்தவர் அவர். வாயை மூடிக்கொண்டார்.

"முனியப்பா, என்னைத் தெரியலையா?"

"தெரியுதுங்க சார். ஆனா யாருன்னு பாக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க."

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கிழவிங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் வரிசையில் ஒருவர். மாதவராஜ் தள்ளி நின்றார். அவர் காதருகே ஒருவர் பின் ஒருவராக, உரக்க, மண்டலத்தின் வார்த்தையைச் சொல்லிச் சொல்லி உள்ளே போனார்கள்.

கடைசி ஆள் ராயப்பன். முன்னால் போனவர்கள் சின்னக் கதவின் உள்தாழ்ப்பாளை நீக்கிக் கல்லறைக்குப் போயிருந்தார்கள், அங்கே ஜெபம் ஆரம்பமாகியிருந்தது. மாதவராஜ் சுவரோரம் தனியாக நின்றிருந்தார், சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ராயப்பனுக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாக இருந்தது. பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"வாங்க சார். உங்களுக்கும் சேத்து நானே சொல்லிடறேன்."

மாதவராஜை ஓட்டைக்கு முன்னால் நிறுத்தி ஐந்து தட்டும் தட்டினார், பின்னாலிருந்து வார்த்தையைச் சொன்னார். கேட் திறந்தது. முனியப்பன் பத்தொன்பதாம் படிக்கு ஒரு சல்யூட் அடித்துச் சாத்தினார், ராயப்பன் மறுபடி தட்டி வார்த்தையைச் சொன்னதும் அவருக்கு இன்னொன்று. தோப்புக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. எட்டு வருஷமாக அண்ணாந்தே நடந்து பழகிய மாதவராஜ் நாலடி வைப்பதற்குள் தடுமாறினார். ராயப்பன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ பாத்து நடங்க சார். மா வேரு காலைத் தட்டும்."